நிற்கத் தெரியாத முடி

மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் வாங்கிப் பின்னலில் சூடிக்கொள்ளும் பெண்ணின் கூந்தல் இடுப்பைத் தொடுகிறது. அவளுடைய புருவ முடியோ ஒரு சென்டிமீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே சாப்பாட்டில் வளர்பவைதான். புருவத்தை வாராவாரம் யாரும் கத்தரிப்பதில்லை. அப்படியிருக்க, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்வியோடு கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குப் போனால் இன்னொரு புதிர் காத்திருக்கிறது. அங்குள்ள பிராணிக் கடைகளில் முயலுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் பக்கத்துக் கூண்டில் கினிப்பன்றிகள் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு உடம்போடு ஒட்டிய, மூன்று நான்கு சென்டிமீட்டர் முடி. சிலவற்றுக்கு மட்டும் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத அளவுக்குப் பட்டு நூல் போல முடி வழியும். பெரூவியன், ஷெல்டி என்று அவற்றுக்குப் பெயர். பெரூவியனின் முடி முகத்தையும் மூடும். ஷெல்டியின் முடி நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போகும். இரண்டும் ஒரே இனம்தான். குட்டை முடிக்காரருக்கு நிற்கத் தெரிந்த முடி; இவற்றுக்கு மட்டும் அது தெரியவில்லை.

மும்பையில் முதல்முறையாகப் பிராணி வளர்க்க ஆசைப்படும் குடும்பங்களுக்குக் கினிப்பன்றி பொருத்தமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. குரைக்காது, சுவரேறாது, சொசைட்டிக்காரர்களின் புகாருக்கு இடம் வைக்காது. கடைக்குப் போகும் குழந்தையின் விரல் நீள முடிக்காரரைத்தான் காட்டும். வாங்குவதற்கு முன் அந்த முடியின் அறிவியலைத் தெரிந்துகொள்வது பெற்றோரின் கடமை. ஏனென்றால் அந்த முடிக்குள் ஒரு பழுது இருக்கிறது. அதை ஈடுகட்டும் வேலை, பிராணி வீட்டுக்கு வந்த நாள் முதல் வீட்டாருடையது.

தோலில் முடி முளைக்கும் குழியை முடிக்குழி என்போம். ஒவ்வொரு குழியும் மூன்று பருவங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முதலில் வளர்பருவம்: குழியின் அடியிலுள்ள செல்கள் பெருகி முடியை மேலே தள்ளுகின்றன. அடுத்தது ஒடுங்குபருவம்: உற்பத்தி நின்று குழி சுருங்குகிறது. பிறகு ஓய்வுப்பருவம்: வளர்ந்த முடி அப்படியே நிற்கிறது, கடைசியில் உதிர்ந்து, குழி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. மனிதத் தலையில் வளர்பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளர்வதால் இடுப்பு வரை வர நேரம் கிடைக்கிறது. புருவத்தில் அந்தப் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். ஆக, முடியின் நீளத்தைத் தீர்மானிப்பதில் வேகத்தைவிட, வளர்பருவம் எப்போது முடிகிறது என்பதற்கே பெரிய பங்கு.

அதை முடித்துவைப்பது யார்? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெயில் மார்ட்டினின் ஆய்வுக்கூடத்தினர் எஃப்.ஜி.எஃப்-5 என்ற புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் அது தலைகாட்டுவதால், கருவுக்கு இன்றியமையாததாக இருக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் எந்தக் குறையுமின்றிப் பிறந்தன. வளர வளர ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிந்தது: முடி நீளமாக இருந்தது. எலி வளர்ப்போர் அதற்கு முன்பே அங்கோரா என்ற நீளமுடி எலியை அறிந்திருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, அங்கோரா எலியில் பழுதாகியிருந்ததும் அதே மரபணுதான் என்று தெரிந்தது. 1994இல் அந்த ஆய்வுக்கூடத்தின் ழான் எபேரும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். பிறகு நீளமுடி நாய்களிலும் பூனைகளிலும் அதே மரபணுவின் பழுதுகள் அகப்பட்டன. கண்ணிமை முடி இயல்பை மீறி நீண்டு வளரும் சில மனிதக் குடும்பங்களிலும் 2014இல் அதுவே காரணம் என்று தெரியவந்தது.

எஃப்.ஜி.எஃப்-5 குக்கரின் விசில் மாதிரி. அரிசி வெந்தது போதும், அடுப்பை அணை என்று சொல்வது அதன் வேலை. விசில் பழுதானால் சோறு வேகாமல் போகாது; அடுப்பு அணைய வேண்டிய நேரத்தில் அணையாது, அவ்வளவுதான். ஆய்வுக்கூட எலிகளிலும் வளர்பருவம் எல்லையில்லாமல் ஓடவில்லை. வேறு சமிக்ஞைகள் தாமதமாகவாவது அதை முடித்தன. முடியை வளர்க்கும் திறன் கூடியதால் அது நீளவில்லை. நிறுத்தும் கட்டளை கெட்டதால் நீண்டது.

கினிப்பன்றியில் இதன் முதல் தடயம் மரபணு என்ற சொல்லே வழக்கத்துக்கு வராத காலத்தில் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் காஸில் நீளமுடிக் கினிப்பன்றிகளையும் குட்டைமுடிக் கினிப்பன்றிகளையும் இணைசேர்த்து, 1905இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் தலைமுறைக் குட்டிகள் குட்டைமுடியோடு பிறந்தன. அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் இணைத்தபோது நீளமுடி திரும்ப வந்தது. மெண்டலின் பட்டாணியில் கண்ட அதே ஒழுங்கு. நீளமுடி ஒடுங்குபண்பு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். எலி, நாய், பூனையில் கண்டதை வைத்துப் பார்த்தால், இங்கும் நடந்திருப்பது நிறுத்தும் கட்டளையின் பழுதே என்று கருத நல்ல இடமிருக்கிறது. குட்டைமுடித் தாய்க்குத் திடீரென்று ஒரு நீளமுடிக் குட்டி பிறப்பதன் காரணமும் இதுதான்.

கினிப்பன்றியின் பற்களும் நிற்பதில்லை. இருபது பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்கின்றன. ஆனால் பல்லுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. நார் மிகுந்த புல்லை நாள் முழுக்க அரைப்பதில் பல் தேய்கிறது. வளர்ச்சியும் தேய்மானமும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. அதனால்தான் கினிப்பன்றியின் உணவில் பெரும்பகுதி காய்ந்த புல்லாக இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். முடிக்கு அப்படித் தேய்க்கும் ஏற்பாடு எதுவும் இயற்கையில் இல்லை. நிற்காத முடியை அழகென்று தேர்ந்தெடுத்துப் பெருக்கியவர்கள் மனிதர்கள். ஆகவே கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டியவர்களும் அவர்களே.

காட்டில் இந்த முடி ஒரு தலைமுறையைத் தாண்டியிருக்காது. கினிப்பன்றியின் மூதாதைகள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள். அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். உயரமான மலை, வறண்ட காற்று, குளிர்ந்த இரவு. முடி என்பது அடிப்படையில் காற்றைச் சிறைப்பிடிக்கும் வேலி. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மலைக்குளிரில் அந்த வேலி உயிரைக் காக்கும். தாராவியில் தகரக் கூரைக்குக் கீழேயுள்ள மச்சில், மே மாத மத்தியானத்தில், அதே வேலி உயிரை எடுக்கும்.

கினிப்பன்றிக்கு வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ளத் தெரியாது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துச் சமாளிக்கவும் முடியாது. முடியற்ற காதுகளும் பாதங்களும்தான் அதன் வெப்பம் வெளியேறும் வழிகள். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகமான வெப்பநிலை. 28 டிகிரியைத் தாண்டினால் வெப்ப அதிர்ச்சிக்கு வாய்ப்பு கூடுகிறது. மும்பையின் பகல் வெப்பநிலை ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் 28ஐத் தாண்டியே இருக்கிறது. அதோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வாயில் எச்சில் வடிய, மூச்சு வேகமாக வாங்க, உடம்பை நீட்டிப் போட்டுக் கிடந்தால் அது வெப்பத்தின் அடையாளம். உடனே நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றி, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

எனவே மும்பையில் நீளமுடிக் கினிப்பன்றியை நீளமுடியோடு வளர்ப்பது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. கண்காட்சிக்கு வளர்க்கப்படும் பெரூவியனின் முடி அரை மீட்டரை எட்டுவதுண்டு. முடியைக் காகிதத்தில் சுருட்டிக் கட்டிவைத்து, குளிர்ந்த நாடுகளில், அதற்கென்றே நேரம் ஒதுக்கியவர்கள் செய்யும் காரியம் அது. இங்கே அதைக் குட்டையாக வெட்டிவிட வேண்டும். மாதத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் போல வளரக்கூடிய முடி. ஒருமுறை வெட்டியதோடு வேலை முடியாது. மாதத்துக்கொருமுறை வெட்டவும் தினமும் சீவவும் வேண்டியிருக்கும்.

வெட்டும்போது மிகவும் கவனிக்க வேண்டிய இடம் பின்பகுதி. அங்கே முடி தரையில் புரண்டு சிறுநீரையும் புழுக்கையையும் துடைத்துக்கொண்டே போகிறது. ஈரம் காயாத முடி சடையாகிறது. சடைக்குக் கீழே தோல் புண்ணாகிறது. மழைக்காலத்தில் இன்னும் கொடுமையான ஒன்று நடக்கும். அழுக்கும் ஈரமுமான முடியில் ஈக்கள் முட்டையிடும். ஒரு நாளுக்குள்ளேயே முட்டை பொரிந்து புழுக்கள் தோலைத் துளைக்கத் தொடங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை, மாலை இருவேளையும் பின்பகுதியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புழுவைக் கண்டால் வீட்டு வைத்தியத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடக் கழிக்கக் கூடாது.

சீவுவதற்கு மிருதுவான பிரஷும் அகலப் பல் சீப்பும் போதும். முடியின் வேர்ப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து தொடங்கினால் தோல் இழுபடாது. குழந்தைகளின் சிக்கெடுக்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்ட, முனை மழுங்கிய கத்தரிக்கோல் வேண்டும். தோலுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே சீப்பு இருக்க வேண்டும். கினிப்பன்றியின் தோல் மெல்லியது. தோலோடு ஒட்டிய சடையைக் கத்தரியால் தொடவே வேண்டாம், அது மருத்துவரின் வேலை. பெரியவர் மடியில் துண்டு விரித்து வைத்துக்கொள்ள, குழந்தை சீவலாம். கத்தரி மட்டும் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் வளர்ந்த பிறகு மிரளாது. அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை. குளிப்பாட்டினால் அடிமுடி வரை உலர்த்தியாக வேண்டும், இல்லையென்றால் பூஞ்சைக்கு வழிவிட்டதாகும். வட்டவட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும், குழந்தைக்கும் ஒட்டும்.

சீப்பு ஓடும்போது கண்ணும் ஓட வேண்டும். பேன், உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாம் நீள முடிக்குள் வெகுநாள் மறைந்திருக்கும். கினிப்பன்றியின் முடியில் ஒளிந்த பூச்சிக்கும் மும்பைக்கும் ஒரு பெரிய வரலாறே உண்டு.

1896இல் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் தலைகாட்டியபோது, அது எப்படிப் பரவுகிறது என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பரேலில், பழைய கவர்னர் மாளிகையில், நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கினின் பிளேக் ஆய்வுக்கூடம் இயங்கியது; இன்றைய ஹாஃப்கின் நிறுவனம் அதுதான். அங்கே பணிபுரிந்த கிளென் லிஸ்டன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பம்பாய் மிருகக்காட்சிச் சாலையில் பிளேக்கால் கினிப்பன்றிகள் செத்தன. அவற்றின் உடம்பில், வழக்கமாக எலிகள்மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. எலி செத்ததும் பசித்த தெள்ளு, கிடைத்த உடம்பின்மேல் ஏறுகிறது என்று அவர் விளக்கினார். 1905இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதையடுத்துப் பரேலில் வேலை செய்த பிளேக் ஆய்வுக் குழுவினர், நோய் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளை விட்டுப் பார்த்தார்கள். முடியில் தெள்ளு சேர்ந்தது; விலங்குக்கு நோய் வந்தது. கூண்டைச் சுற்றிப் பசைத்தாளை விரித்தபோது தெள்ளு தாளில் ஒட்டியது. உள்ளே இருந்தது பிழைத்தது. தரையை ஒட்டி வைத்த கூண்டில் நோய் வந்தது. தெள்ளு குதித்து எட்ட முடியாத உயரத்தில் தொங்கிய கூண்டில் வரவில்லை. நோயைச் சுமப்பது காற்றோ மண்ணோ அல்ல, தெள்ளுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அந்தக் கினிப்பன்றிகளுக்கு மும்பை கடன்பட்டிருக்கிறது.

இன்றைய வீட்டுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. எலி நடமாடும் தரையில் கூண்டை வைக்கக் கூடாது. மேஜை உயரத்தில், எலி ஏற முடியாத இடத்தில் இருக்கட்டும். இரண்டு கினிப்பன்றிகளுக்கு எட்டுச் சதுர அடி கூண்டாவது வேண்டும். பழைய எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு) கட்டடங்களின் 225 சதுர அடி வீட்டில் அது சின்ன விஷயமில்லை. வாங்குவதற்கு முன்பே டேப் பிடித்து அளந்து பார்த்துவிடுவது நல்லது. இரண்டு என்று சொல்லக் காரணம், இது கூட்டமாக வாழும் விலங்கு. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சில மாதங்களில் கூண்டு போதாது.

முடியைத் தவிர இன்னொரு பழுதும் கினிப்பன்றிக்கு உண்டு; இது எல்லா வகைக்கும் பொது. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தம் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. அதன் கடைசிப் படிக்கான மரபணு கினிப்பன்றியில் சிதைந்து கிடக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் நிஷிகிமியும் சகாக்களும் 1992இல் இதைக் காட்டினார்கள். மனிதனுக்கும் அதே மரபணு பழுதுதான், ஆனால் அது தனியாக, வேறொரு காலத்தில் நேர்ந்தது. 1907இல் நார்வேயின் ஆக்ஸெல் ஹோல்ஸ்டும் தியோடோர் ஃப்ரோலிச்சும் பெரிபெரி நோயை வரவழைக்க நினைத்துக் கினிப்பன்றிக்கு வெறும் தானியத்தைக் கொடுத்தார்கள், வந்ததோ வைட்டமின் சி குறையால் வரும் ஸ்கர்வி. எலியை எடுத்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது, எலி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் ஆய்வைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசனும், வைட்டமின் சி இல்லாத தீவனம் கினிப்பன்றியின் உள்ளுறுப்புகளை எப்படிச் சிதைக்கிறது என்று விரிவாக எழுதினார். அந்த அறைதான் பின்னாளில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

முடிக்கும் இதற்கும் தொடர்பு நேரடியானது. வைட்டமின் சி குறையும்போது முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று, பளபளப்பு போய்ச் சொரசொரத்துப்போன முடி. அடுத்து மூட்டு வலிக்கும்; தொட்டால் கத்தும், நடக்க மறுக்கும். சீப்பை மாற்றியோ எண்ணெய் தடவியோ இதைச் சரிசெய்ய முடியாது. உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். 25 கிராம் பச்சைக் குடைமிளகாயில் 20 மில்லிகிராமாவது கிடைக்கும். மார்க்கெட்டில் எப்போதும் கிடைப்பதால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு வெளிச்சத்தில் விரைவில் கெட்டுவிடும். பாக்கெட் தீவனத்தில் சேர்த்த வைட்டமினும் நாள்பட நாள்பட வலுவிழக்கும்; மும்பை ஈரத்தில் திறந்து வைத்த பாக்கெட்டை நம்பக் கூடாது.

தமிழ் வீடுகளுக்கு இங்கே ஒரு சிறப்பு எச்சரிக்கை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அகத்தியும் முருங்கையும் எளிதில் கிடைக்கின்றன. பசுவுக்கு அகத்தி கொடுத்துப் பழகிய கை, கினிப்பன்றிக்கும் நீட்டத் தோன்றும். 100 கிராம் அகத்தியில் கால்சியம் ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம். உபரிக் கால்சியத்தைக் கினிப்பன்றி சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகிறது. தினமும் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகலாம். எப்போதாவது ஓர் இணுக்கு போதும். கோயில் வாசலில் பசுவோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கிடைக்கும் புல் நல்ல உணவுதான். கழுவி, நீர் வடியவிட்டு, அன்றே கொடுக்க வேண்டும். காய்ந்த புல்லை அரிசி டப்பா போலக் காற்றுப் புகாமல் மூடி வைக்காவிட்டால் ஆடி மாதத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. நம் குழந்தைகளுக்குத் தரும் அமாக்ஸிசிலின் கினிப்பன்றியின் குடலில் நல்ல கிருமிகளை அழித்து, நச்சுக் கிருமிகளுக்கு இடம் கொடுத்து, அதைக் கொன்றுவிடும். பென்சிலின் கினிப்பன்றியைக் கொல்கிறது என்பது 1943லேயே தெரிந்த செய்தி. வேட்டையாடப்படும் விலங்குகளின் வழக்கப்படி இதுவும் நோயைக் கடைசிவரை மறைக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்தால், எடை குறைவதைக் கொண்டு நோயை முன்கூட்டியே பிடிக்கலாம். நீள முடிக்காரரில் இது இன்னும் முக்கியம். மெலிந்த உடம்பை முடி மூடி மறைத்துவிடும்.

பரேலில் 1886 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருகிலேயே பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை. சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதை, பிராணியை வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கியது, அந்தக் குழந்தை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதும் வீட்டில் இருக்கலாம். தினமும் சீவ கால் மணி நேரமும், மாதம் ஒருமுறை கத்தரிக்கோலும், மே மாதத்தில் குளிர்ந்த ஒரு மூலையும் கொடுக்க முடிந்தவர்கள் பெரூவியனையோ ஷெல்டியையோ கொண்டுவரலாம். அது முடியாதவர்கள், அல்லது அந்த முடியை வெட்ட மனம் வராதவர்கள், கடைக்காரரிடம் குட்டைமுடி ஜோடி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.